எமரி பெல்ட்டின் முதல் பிறந்தநாள்

டைட்டஸின் இடது புருவத்தில் நாலு தையல் போட்டது ஆம்பூர் டாக்டர். பிரித்தது வீட்டில் கெசியா. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவள், கட்டின புருஷனுக்குத் தையல் பிரிக்க வேறு ஆளைத் தேடுவாளா என்ன? அடுப்படி ட்யூப்லைட்டுக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தாள். சின்னக் கத்தரியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். அதற்கப்புறம்தான் பேச்சையே எடுத்தாள். முக்கியமான சங்கதி எதையும் அவள் இப்படித்தான், எதிராளி தலையை ஆட்ட முடியாத நேரமாகப் பார்த்துப் பேசுவாள்.

"இன்னும் அரை இஞ்ச் கீழ பட்டிருந்தா கண்ணு போயிருக்கும். எங்க வார்டுல ஒத்தக் கண்ணோட உக்காந்திருக்கறவங்கள தெனம் பாக்கறேன் நான். அந்த பெல்ட்டு அறாம இருக்க ஒரு வழி பண்ணுங்க. முடியலன்னா ஷெட்ட மூடிட்டு வேற வேல பாருங்க."

டைட்டஸ் சரி என்றான். கத்தரி அங்கே இருக்கும்போது வேறு என்ன சொல்ல முடியும்?

ஆம்பூர் பைபாஸுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட் ஒன்று அவனுடையது. ஷூ கம்பெனிகள் கொடுக்கிற, ஷூ வாரை மாட்டுகிற பித்தளை பக்கிளை வாங்கிப் பளபளவென்று ஆக்கித் திருப்பிக் கொடுப்பது தொழில். இரண்டு மெஷின் இருந்தது. ஒன்று புதிசு, முன்னால் இரும்பு மூடி வைத்தது. இன்னொன்று பழசு, மூடி கீடி எதுவும் கிடையாது. அணைக்கட்டு ஊரிலிருந்து பஸ் பிடித்து வேலைக்கு வரும் பச்சையப்பனும் டைட்டஸும் மாற்றி மாற்றி நிற்பார்கள். ஒவ்வொரு மெஷினிலும் இரண்டு சக்கரத்தைச் சுற்றி எமரி பெல்ட் ஓடும். முரட்டு உப்புத்தாளை நீளவாக்கில் வெட்டி, இரண்டு முனையையும் பசை போட்டு ஒட்டி வளையமாக்கினால் அதுதான் எமரி பெல்ட். ஓடுகிற பெல்ட்டில் பக்கிளை அழுத்திப் பிடித்தால் பளபளப்பு வரும். மழைக்காலம் வந்தால் அந்த ஒட்டு, அதாவது ஜாயின்ட், ஊறிப்போய் விட்டுக்கொள்ளும். ஓடுகிற வேகத்தில் பெல்ட் அறுந்து சாட்டை மாதிரி மூஞ்சிக்கு வரும். டைட்டஸ் கண்ணாடி போட்டுப் பார்த்தான். வேர்வையும் தூசியும் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் கையில் இருக்கிற பக்கிளே தெரியாமல் போனது. பைக் ஹெல்மெட்டும் அந்த லட்சணம்தான். ஆக, டைட்டஸுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்த ஜாயின்ட் விடக்கூடாது.

பக்கத்து ஷெட்டில் ஷூவுக்கு மேல்தோல் வெட்டுகிற அப்துல் கஃபார் பாய்தான் டீக்கடையில் வழி சொன்னார். எமரி பெல்ட்டை மேம்படுத்துவதற்கென்றே சர்க்கார் ஒரு மையம் வைத்திருக்கிறது, காவேரிப்பாக்கத்தில் ஏரிக்கரை ஓரமாக. எல்லாம் இலவசம், போய்ப் பாரு என்றார்.

"பெல்ட்டு வேல இங்க, மையம் அங்க ஏன் பாய் வச்சாங்க?"

"எடம் அங்கதான் சும்மா கெடந்துச்சாம் பா" என்றார் கஃபார் பாய்.

அறுந்த பெல்ட்டை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு டைட்டஸ் போனான். 'உராய்வுப் பட்டை ஆயுள் மேம்பாட்டு மையம்' என்று வாசலில் பளிங்கில் வெட்டியிருந்தது. உள்ளே பூர்ணிமா என்ற தொழில்நுட்ப அலுவலர் மரியாதையாக உட்காரவைத்து, அறுந்த பெல்ட்டை இரண்டு கையாலும் வாங்கி, எத்தனை வயசு என்று கேட்டார். டைட்டஸ் தன் வயசைச் சொன்னான். பட்டையின் வயசு என்று திருத்தினார் அவர்.

"ஒரு மணி நேரம்கூட ஓடல மேடம். ஆனா எனக்கு அது பிரச்சன இல்ல. அறுந்து மூஞ்சில அடிக்குது. ஜாயின்ட்ட மட்டும் கெட்டியா..."

பூர்ணிமாவின் முகம் நிஜமாகவே வாடிப்போனது. ஜாயின்ட் இந்த மையத்தின் வேலையில் வராது, இங்கே ஆயுளை மட்டும்தான் பார்க்கிறோம் என்றார். அப்புறம் மனசு கேளாமல் இயக்குநரிடம் அழைத்துப் போனார்.

இயக்குநர் டாக்டர் கிறிஸ்துராஜ் தலை நரைத்தவர், குரல் நரைக்காதவர். இதற்கு முன்னால் கயிறு மேம்பாட்டு மையத்தில் இருந்தவர். அங்கே கயிற்றின் நீளத்தை மேம்படுத்தினாராம். டைட்டஸ் சொன்னதை முழுசாகக் கேட்டார், கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, ஜாயின்ட் ஏன் விடுது? பட்டை சாகறதால விடுது. பட்டை நீண்ட நாள் உயிரோட இருந்தா, ஜாயின்ட்டும் நீண்ட நாள் இருந்ததாத்தான அர்த்தம்? ஆயுளை நான் பாத்துக்கறேன். ஜாயின்ட் தன்னைத்தானே பாத்துக்கும். ஆனாலும் உங்க கவலை எனக்குப் புரியுது. ஜாயின்ட்டுக்குனு தனி மையம் வேணும்னு மேலிடத்துல கேட்டிருக்கேன். அதுக்கும் நான்தான் இயக்குநரா வரணும்னு எல்லாரும் சொல்றாங்க."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் அந்த மனுஷரிடம் இருந்த ஆபத்து. கேட்கும்போது எல்லாமே நியாயமாக இருக்கும், பஸ் வாலாஜா தாண்டும்போதுதான் ஓட்டை தெரியும்.

அடுத்த வாரமே மையத்தின் ஜீப் ஷெட் வாசலில் நின்றது. சோதனைக்கு ஒரு மெஷின் வேண்டும் என்றார்கள். டைட்டஸ் பழசைக் காட்டினான். மூடி இல்லாதது, பெல்ட் அதிகம் அறுவது இதில்தான் என்றான். பழசு போட்டோவுக்கு நன்றாக இருக்காது என்று புதிசை எடுத்துக்கொண்டார்கள். திறப்பு விழா வேறு. மெஷினுக்குக் குறுக்கே ரிப்பன் கட்டி, கிறிஸ்துராஜ் கையில் கத்தரியைக் கொடுத்தார்கள். அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே ரிப்பனை விட்டுவிட்டுப் பெல்ட்டை வெட்டிவிட்டார். கைதட்டினார்கள். பூர்ணிமா ஜீப்பிலிருந்து இன்னொரு பெல்ட் கொண்டுவந்து மாட்டினார். அப்புறம் மெஷினுக்கு அரக்கு முத்திரை வைத்து, மையத்து ஆள் இல்லாமல் யாரும் தொட்டால் சர்க்கார் சொத்தைத் தொட்ட குற்றம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். டைட்டஸ் கடன் வாங்கி வாங்கின மெஷின் அது.

முதல் சோதனையில் பெல்ட் வழக்கம்போல ஒரு மணி நேரத்துக்குள் அறுந்தது. பூர்ணிமா யோசித்தார். கெட்டிக்காரப் பெண்தான், யாரும் குறை சொல்ல முடியாது. வேகத்தைக் குறைத்தால் என்ன என்றார். குறைத்தார்கள். பெல்ட் மத்தியானம் வரை ஓடியது. ஆயுள் கூடிவிட்டது என்று மையத்திலிருந்து எல்லாருக்கும் லட்டு வந்தது. அந்த வேகத்தில் தேய்த்த பக்கிளை டைட்டஸ் கையில் எடுத்துப் பார்த்தான். தேய்ப்பதற்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. போனில் இயக்குநரிடம் சொன்னதற்கு, பக்கிளின் பளபளப்பு இந்த மையத்தின் பொறுப்பில் இல்லை என்றார்.

அடுத்த கட்டமாக அழுத்தத்தைக் குறைத்தார்கள். பக்கிளை பெல்ட்டில் வைக்காமல், பெல்ட்டுக்கு அருகில் காட்டினால் போதும் என்றார்கள். பெல்ட் ஒரு நாள் முழுக்க ஓடியது. அதற்கு அடுத்த கட்டம் உங்களுக்கே தெரிந்திருக்கும். பக்கிளே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். பெல்ட் வெறுமனே காற்றில் ஓடியது. டைட்டஸ் ஒரு பக்கம், பச்சையப்பன் ஒரு பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்கள்.

ஆனால் பெரிய கண்டுபிடிப்பு மனுஷ மூளையால் வரவில்லை, கரண்ட் ஆபீஸால் வந்தது. மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துவார்களே, அந்த நாளில் பூர்ணிமா சோதனைக்கு வந்திருந்தார். மெஷின் ஓடவில்லை. வந்தது வீணாக வேண்டாம் என்று பெல்ட்டை அளந்து பார்த்தார். தேய்மானம் சுத்தமாக இல்லை. மறுபடி அளந்தார். இல்லவே இல்லை. உடனே இயக்குநருக்குப் போன் போட்டுச் சொன்னார். மறுநாளே கிறிஸ்துராஜ் நேரில் வந்து மெஷினைத் தடவிக்கொடுத்தார்.

"இத்தனை வருஷமா நாம பட்டையை ஓட விட்டே கொன்னிருக்கோம்" என்றார்.

அன்றோடு புது மெஷின் நின்றது. நின்றது என்றால் வேலை முடிந்தது என்று நினைத்தான் டைட்டஸ், பாவம். வேலையே அப்போதுதான் ஆரம்பித்தது. காற்றில் இருக்கிற ஈரம் பட்டையின் ஆயுளைக் குறைக்கும் என்று, ஏரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு ஆராய்ச்சி செய்து சொன்னார்கள். ஷெட்டில் பாதியைக் கண்ணாடி வைத்து மறைத்தார்கள். உள்ளே ஏசி போட்டார்கள். பார்வையாளர்களுக்குப் பெல்ட் தெரியவேண்டும் என்று முன்னாலிருந்த இரும்பு மூடியைக் கழற்றி மூலையில் சாத்தினார்கள். ஏசிக்கு லைன் பத்தவில்லை என்று டைட்டஸ் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேன் ஒயரைப் பிடுங்கினார்கள். பட்டைக்கு ஒரு காப்பாளர் வேண்டும் என்று ஆள் தேடி, நேரில் பார்த்துப் பழகின ஆள்தான் தோது என்று பச்சையப்பனையே எடுத்துக்கொண்டார்கள். நீல யூனிஃபார்ம், தொப்பி, விசில் எல்லாம் கொடுத்துக் கண்ணாடி அறை வாசலில் உட்காரவைத்தார்கள். பச்சையப்பன் இரண்டு நாள் டைட்டஸ் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள், "உக்காந்த எடத்துல சம்பளம் வருது, இன்னா பண்ண சொல்ற" என்றான்.

மிச்சம் இருந்தது பழைய மெஷின். மூடி இல்லாதது. இரண்டு மெஷின் வேலையும் அதன் தலையில் விழுந்தது, இரண்டு ஆள் வேலையும் டைட்டஸ் தலையில் விழுந்தது. கம்பெனிக்குத் திரும்பவேண்டிய பக்கிள் மூட்டை, லாட் என்பார்கள், அது நேரத்துக்குப் போகவேண்டாமா? மழை பிடித்துக்கொண்டது. பெல்ட் காலையில் ஒன்று அறுந்தது, மத்தியானம் ஒன்று அறுந்தது. ஒருமுறை தோளில் கோடு போட்டது, ஒருமுறை காது மடலில். டைட்டஸ் முகத்தை வலது பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, இடது கண்ணை மூடிக்கொண்டு, கையின் உணர்ச்சியிலேயே தேய்க்கப் பழகினான். ஒவ்வொரு முறை ஸ்விட்சைப் போடும்போதும் பயம் வரும். அது வெட்கப்படுகிற சங்கதி இல்லை, கண் இருக்கிற எவனுக்கும் வரும் பயம்தான்.

அவன் கழுத்து ஒரு பக்கமாகவே சாய்ந்திருப்பதைக் கெசியா பார்த்தாள். தலையணை சரியில்லை என்றான். நர்ஸிடம் சொல்கிற பொய்யா அது? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், சர்ச் புடவையோடு நேரே ஷெட்டுக்கு வந்துவிட்டாள். பச்சையப்பன் எழுந்து சல்யூட் அடித்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விளக்கு வெளிச்சத்தில் பெல்ட் நின்றது. இந்தப் பக்கம் ஃபேன் இல்லாமல் பழைய மெஷின், அதன் பக்கத்தில் அறுந்த பெல்ட் குவியல். கெசியா கதவைத் திறந்து ஏசி அறைக்குள் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வெளியே வந்தாள்.

"எங்க ஐசியூல கூட இவ்ளோ ஜில்லுனு இல்ல" என்றாள். "கேட்டு மெஷின வாங்குங்க. இல்ல நான் கேக்கறேன்."

டைட்டஸ் மறுபடி காவேரிப்பாக்கம் போனான். எனக்கு மேம்பாடு வேண்டாம், என் மெஷின் கொடுத்தால் போதும் என்றான். கிறிஸ்துராஜுக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது.

"அந்தப் பட்டைக்கு இப்ப என்ன வயசு தெரியுமா? இந்த மாநிலத்துலயே அதுக்கு மூத்த பட்டை கிடையாது. உங்க ஒருத்தரோட பக்கிளுக்காக அதைச் சாகடிக்கச் சொல்றீங்களா? இன்னும் கொஞ்ச நாள்ல அதுக்கு ஒரு வயசு ஆகுது. அது வரைக்கும் பொறுங்க. அடுத்த கட்டத்துல ஜாயின்ட்டப் பத்திப் பேசலாம். அப்புறம் ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. அறுந்தா அடிக்கும்னு தெரிஞ்சும் நீங்க ஏன் அதுக்கு எதிர்ல போய் நிக்கறீங்க?"

எதிரில் நிற்காமல் எப்படித் தேய்ப்பது என்று டைட்டஸ் கேட்டான். அது பயனாளர் தரப்புப் பிரச்சனை என்று பதில் வந்தது. வெளியே வந்து ஏரிக்கரையில் பஸ்ஸுக்கு நின்றபோது, வாய்விட்டுக் கெட்ட வார்த்தை பேசலாமா என்று தோன்றியது. சபையில் காணிக்கைத் தட்டு பிடிக்கிறவனின் வாய், பேசிப் பழக்கமில்லாமல் போயிற்று.

ஷெட்டுக்கு இப்போது பார்வையாளர்கள் வர ஆரம்பித்தார்கள். பிற மாவட்டத்து அதிகாரிகள் வேனில் வந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். கண்ணாடிக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். ஒரு பயிற்சிக் குழுவுக்கு, பெல்ட்டை எப்படி ஓட்டாமல் வைத்திருப்பது என்று பச்சையப்பன் வகுப்பு எடுத்தான். பழைய மெஷின் சத்தம் வகுப்புக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று டைட்டஸை நிறுத்தச் சொன்னார்கள். அவர்கள் போன பிறகு, இருட்டும் வரை நின்று விட்டதைப் பிடித்தான். கம்பெனியிலிருந்து மேனேஜர் கூப்பிட்டு, வரப்போகிற லாட் லேட்டானால் இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார்.

"உன் பெல்ட்டு உன்ன விட ஜாஸ்தி நாள் இருக்கும் போல பா" என்று கஃபார் பாய் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். இன்னொரு நாளாக இருந்தால் டைட்டஸ் சிரித்திருப்பான்.

முதல் பிறந்தநாள் வந்தது. பைபாஸ் முனையில் ஆளுயரத்துக்கு மூன்று மடங்கு ஃபிளெக்ஸ். நடுவில் பெல்ட்டின் படம், சுற்றிலும் மலர் வளையம். மேலே இயக்குநர் போனில் பேசுவது மாதிரி ஒரு படம். கீழே மூலையில் டைட்டஸின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, அதுவும் தலைகீழாக ஒட்டாமல் விட்டதே பெரிசு. ஷெட் வாசலில் பந்தல், நாற்காலி, மைக். டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். டைட்டஸுக்கோ அன்று சாயங்காலம் லாட் போயாகவேண்டும். மூட்டையில் பக்கிள் பாதிக்கு மேல் தேய்க்காமல் கிடந்தது. விழா முடியும் வரை பழைய மெஷின் ஸ்விட்சைத் தொடக்கூடாது என்று பச்சையப்பன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு கண்ணால் கெஞ்சினான்.

மைக்கைப் பிடித்த கிறிஸ்துராஜ் கண் கலங்கினார்.

"நான் இந்தப் பொறுப்புக்கு வந்தப்ப இந்த வட்டாரத்துல பட்டைகள் மணிக்கணக்குல செத்துட்டு இருந்தது. யாரும் கேட்கல. இன்னைக்கு ஒரு பட்டை ஒரு வருஷம் வாழ்ந்து காட்டியிருக்கு. எப்படி? அதை நாம தொந்தரவு பண்ணல. எங்க மையத்துல நாற்பது பேர் இருக்கோம். ஒருத்தர்கூட, ஒரு நாள்கூட, அந்தப் பட்டைமேல கை வைக்கலன்னு பெருமையோட சொல்லிக்கறேன். இதே முறையை மெஷினுக்கும், அப்புறம் ஊழியர்களுக்கும் விரிவுபடுத்தணும்கறது என் கனவு."

கேக்கை ஏசி அறைக்குள் வைத்தார்கள். சூடு பட்டைக்கு ஆகாது என்று மெழுகுவத்தியைக் கொளுத்தவில்லை. கொளுத்தாத மெழுகுவத்தியை டெல்லி அதிகாரி மரியாதையாக ஊதினார். பட்டையைத் தன் இடத்தில் வைத்துக் காத்ததற்காக டைட்டஸை உள்ளே கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். தடித்த ஜரிகை, அரக்கு நிறம், நல்ல கனம். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள்.

"எனக்கு என் மெஷின் வேணும்" என்றான் டைட்டஸ். "சாயங்காலம் லாட் போவணும்."

டெல்லி அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறார் என்று கேட்டார். இந்த மெஷின் தன் ஷெட்டில் இருப்பது பெருமை என்கிறார் என்று கிறிஸ்துராஜ் மொழிபெயர்த்தார். கூட்டம் கைதட்டியது.

ஏசி குளிர் எலும்பைத் தொட்டது. டைட்டஸ் பொன்னாடையை இழுத்துத் தலை, காது, கன்னம் எல்லாம் சுற்றிக்கொண்டான், விடியற்காலை மார்கழிப் பனியில் பைக் ஓட்டுகிறவன் மாதிரி. அந்த நேரம் பார்த்து டெல்லி அதிகாரி ஒரு சின்ன ஆசையைச் சொன்னார். நல்ல மனுஷர், உள்நோக்கம் எதுவும் இல்லை. இந்த மேம்பட்ட பெல்ட்டில் ஒரு பக்கிளைத் தேய்த்து ஞாபகார்த்தமாகக் கொடுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றார்.

கிறிஸ்துராஜ் பூர்ணிமாவைப் பார்த்தார். பூர்ணிமா தரையைப் பார்த்தார். டெல்லியின் ஆசையை மறுக்க மையத்தின் விதிகளில் இடமில்லை. சரி, யார் தேய்ப்பது? நாற்பது பேரும் ஆளுக்கு ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள். ஓடுகிற எமரி பெல்ட்டுக்கு எதிரில் அவர்களில் ஒருத்தரும் இதுவரை நின்றதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் எல்லார் கண்ணும் டைட்டஸ்மேல் வந்து நின்றது.

டைட்டஸ் ஜாயின்ட்டைப் பார்த்தான். ஒரு வருஷ ஏசியில் பசை காய்ந்து அப்பளமாக வெடித்திருந்தது. மூடி மூலையில் கிடந்தது. மூடியை மாட்டிக்கட்டுமா என்றான். மூடி போட்டால் போட்டோவில் பெல்ட் தெரியாது என்றார்கள். இது அறும் சார் என்றான். ஒரு வயசான பட்டையைப் பற்றி இப்படி அபசகுனமாகப் பேசக்கூடாது என்று கிறிஸ்துராஜ் மெல்லக் கடிந்துகொண்டார். டைட்டஸ் எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னான். வழக்கம்போல இடது கண்ணை மூடி, முகத்தை வலது பக்கம் திருப்பினான். பொன்னாடை சரிந்து அந்தக் கண்ணை மறைத்தது. ஸ்விட்சைப் போட்டான்.

பக்கிள் பெல்ட்டைத் தொட்டது. ஒரு வருஷத்தில் முதல்முறையாக அந்த மெஷினில் பித்தளை ஒரு கணம் மின்னியது. அடுத்த கணம் பட்டாசு மாதிரி ஒரு சத்தம். பெல்ட் அறுந்து, டைட்டஸின் முகத்தில் இடது பக்கம் அறைந்துவிட்டுக் கேக்கில் போய் விழுந்தது.

டைட்டஸ் கையால் முகத்தைத் தடவினான். ரத்தம் இல்லை. கண் தெரிந்தது. பொன்னாடையின் ஜரிகைதான் விரல் நீளத்துக்குக் கிழிந்து தொங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பச்சையப்பன் மட்டும் தொப்பி விழுவதைக்கூடப் பார்க்காமல் ஓடிவந்து பிடித்தான்.

மற்றவர்கள் கேக்கைச் சுற்றி நின்றார்கள். கிறிஸ்துராஜ் தலைமையில் பட்டைக்கு ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தினார்கள். மௌனம் முடிந்ததும் அவர் முகம் தெளிந்திருந்தது. ஒரு வருஷம் நோய் நொடி இல்லாமல் இருந்த பட்டை, பக்கிள் பட்டதும் செத்துவிட்டது, ஆகவே கோளாறு பட்டையில் இல்லை, ஜாயின்ட்டில் இல்லை, பக்கிளில்தான் இருக்கிறது, பக்கிள் மேம்பாட்டுக்கு உடனடியாக ஒரு மையம் தேவை என்று அங்கேயே நின்று அறிவித்தார். டெல்லி அதிகாரி யோசித்து, நியாயம்தான் என்று தலையாட்டினார். ஞாபகார்த்தத்துக்கு அரைகுறையாகத் தேய்ந்த அந்த பக்கிளைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

சோதனை முடிந்துவிட்டதால் முத்திரையை உடைத்தார்கள். ஏசியையும் கண்ணாடியையும் கழற்றி ஜீப்பில் ஏற்றினார்கள். புறப்படும்போது பூர்ணிமா மட்டும் டைட்டஸ் பக்கத்தில் வந்து நின்றார். ஏதோ சொல்ல வந்தவர், உங்களுக்கு அடி படவில்லையே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். கம்பெனி மேனேஜருக்குக் கஃபார் பாய் போன் போட்டுக் கெஞ்சி, லாட்டுக்கு மறுநாள் காலை வரை தவணை வாங்கிக் கொடுத்தார்.

டைட்டஸ் வீட்டுக்கு வந்தபோது கெசியா டூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். மெஷின் கிடைத்துவிட்டது என்றான் அவன். பெல்ட் என்னாச்சு என்று கேட்டாள். பழையபடிதான் என்றான். பையிலிருந்த பொன்னாடையை எடுத்து நீட்டினான்.

அவள் கிழிசலைப் பார்த்தாள். ட்யூப்லைட்டுக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு அவனை உட்காரவைத்தாள். பொன்னாடையை அவன் தலையில் சுற்றி, கிழிசல் எங்கே வருகிறது என்று பார்த்தாள். இடது கண்ணுக்கு நேராக வந்தது. பயந்துபோயிருந்தாள், அதை மறைக்கவும் இல்லை.

அப்புறம் ஊசி நூல் எடுத்துவந்தாள். முதலில் ஓரத்தில் தொங்கிய குஞ்சலத்தையெல்லாம் வெட்டி எறிந்தாள், சக்கரத்தில் மாட்டிக்கொள்ளக்கூடாது என்று. காலையில் மெஷினில் மூடியை மாட்டிவிட்டுத்தான் ஸ்விட்சைத் தொடவேண்டும், பழையதில் நிற்கும்போது இதை இறுக்கிச் சுற்றி முந்தியைச் சட்டைக்குள் செருகிக்கொள்ளவேண்டும் என்றாள். கிழிசலை நெருக்கமாக நாலு தையல் போட்டு மூடினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னொரு விருது ஏதாவது குடுப்பாங்களானு கேட்டுப் பாருங்க. இத தொவைக்கிற அன்னிக்குச் சுத்திக்க ஒண்ணு வேணும்."